எறும்பு பேசினால் பொய்யாகுமா?

மக்தபில் ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறோம். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஓதும் கிதாபுக்கு அடியில் ஒரு கதைப் புத்தகத்தை மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். நரியும் காகமும் பேசும் கதைகள். நடுவே பறக்கும் குதிரை ஒன்றும் வந்தது. நாம் அதைப் பறித்தோம். "விலங்குகள் பேசுமா? பொய்யைப் படிக்கவா உன் வாப்பா உன்னை இங்கே அனுப்புகிறார்?" என்று கடிந்தோம். பையன் அழவில்லை. தலையைக் குனிந்தபடியே, "ஹஜ்ரத், நேற்று நீங்கள்தானே எறும்பு பேசியதைச் சொல்லித் தந்தீர்கள்?" என்றான். முந்தைய நாள் சுலைமான் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நடத்தியிருந்தோம். வகுப்பு முழுவதும் நம் முகத்தைப் பார்த்தது. நாம் அவனை உட்காரச் சொன்னோம்; விடை சொல்லவில்லை.

அன்று சொல்லத் தவறிய விடையைக் காலம் கடந்தேனும் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். அந்தச் சிறுவனின் கேள்வி நம் இல்லங்களில் இன்றும் இருக்கிறது. பெற்றோருள் சிலர், பேசும் விலங்கு, பறக்கும் கம்பளம், ஜின் என்று வரும் கதைகள் யாவும் பொய். ஆகவே கூடாது என்று தள்ளிவிடுகின்றனர். வேறு சிலர் கைப்பேசியைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு, திரையில் என்ன ஓடுகிறது என்பதைப் பாராமலேயே இருந்துவிடுகின்றனர். முன்னவர் கதவை அடைத்துவிடுகிறார். பின்னவர் கதவையே கழற்றிவிடுகிறார். கதையைத் தாமே ஒருமுறை படித்துப் பார்ப்பது என்னும் வேலையை இருவருமே செய்வதில்லை.

மெய்ச் செய்தியும் புனைவும்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். திருக்குர்ஆனில் வரும் எறும்பும், சபா நாட்டுச் செய்தியைக் கொண்டுவந்த ஹுத்ஹுத் பறவையும், இறந்த சகோதரனை அடக்கும் முறையை ஆதமின் மகனுக்குக் காட்டிய காகமும், குகைத் தோழர்களின் வாசலில் முன்கால்களை நீட்டிக் கிடந்த நாயும் புனைகதைகள் அல்ல. அவை இறைவன் அறிவித்த செய்திகள். மனிதன் தன் கற்பனையால் புனைந்ததை அவற்றோடு ஒரே தட்டில் வைப்பதற்கில்லை. எனவே, "அதுவும் இதுவும் ஒன்றுதான்" என்று அந்தச் சிறுவனிடம் சொல்லியிருந்தால், அது தவறான விடையாகவே இருந்திருக்கும்.

ஆயினும், புனைந்தவை யாவும் பொய் என்று நாம் சொன்னதும் தவறே. கேட்பவனை நம்பவைத்து ஏமாற்றுவதே பொய். "ஒரு காட்டில் ஒரு நரி சொன்னது" என்று தொடங்கும் கதையைக் கேட்ட ஐந்து வயதுக் குழந்தையும், தெருவில் போகும் நாயிடம் சென்று வழி கேட்பதில்லை. கதை சொல்பவரும் கேட்பவரும் இது உவமை என்று அறிந்தே அமர்கின்றனர். அங்கே ஏமாற்றுபவரும் இல்லை, ஏமாறுபவரும் இல்லை.

இஃது நாம் புதிதாகக் கண்டுபிடித்த வாதமன்று. மதரஸாக்களில் காலங்காலமாக ஓதப்பட்டுவரும் 'மகாமாத்' என்னும் நூலை இயற்றிய ஹரீரீ (இறப்பு ஹிஜ்ரி 516, கி.பி. 1122) தம் முன்னுரையிலேயே இதற்கு விடை கூறிவிட்டார். வாயற்ற விலங்குகளையும் உயிரற்ற பொருள்களையும் பேசவைத்த கதைகளை எவரும் கேட்க மறுத்ததில்லை. அவற்றைச் சொன்னவர்களைப் பாவிகள் என்றும் எவரும் கூறியதில்லை. செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவையாதலின், அறிவூட்டும் நோக்கில் புனைவதில் குற்றமில்லை என்பது அவர் கருத்து. அந்த நூலை வரிவரியாக ஓதி, அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுதித் தேர்ச்சி பெற்றவர்கள் நாம். சிறுவனின் புத்தகத்தைப் பறித்த வேளையில் அந்த முன்னுரை நம் நினைவுக்கு வரவில்லை. ஓதியது வேறு, உணர்ந்தது வேறு போலும்.

அதனினும் மேலான சான்று ஒன்று உண்டு. ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே துணித்துண்டுகளால் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்ததையும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைப்பற்றி வினவியதையும் அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பில் காண்கிறோம். குதிரைக்கு இறக்கையா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வியந்தபோது, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அதற்கு அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்குச் சிரித்தார்கள். பறக்கும் குதிரையைக் கண்டு நாம் முகம் சுளித்த அதே இடத்தில் அவர்கள் சிரித்திருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது வெட்கமாக இருக்கிறது.

திம்னாவுக்கு ஒரு விசாரணை

கற்பனை கூடுமா என்னும் கேள்வி இத்துடன் முடிகிறது. எத்தகைய கற்பனை நல்லது என்னும் கேள்வியே இனி நம்முன் நிற்பது. இதற்கு விடை காண உதவும் முதல் நூல் 'கலீலா வ திம்னா'.

இதன் வேர் நம் நாட்டுப் பஞ்சதந்திரம். கி.பி. 6ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் அனூஷிர்வானின் காலத்தில் பஹ்லவி மொழிக்குச் சென்ற அக்கதைகளை, 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அரபியாக்கினார். அரபியிலிருந்து 1251இல் ஸ்பெயினின் காஸ்டீலிய மொழிக்குச் சென்றது. ஹீப்ரு, இலத்தீன் வழியாக ஐரோப்பா முழுவதும் பரவியது. 1678இல் தம் நீதிக்கதைகளின் இரண்டாம் தொகுதியை வெளியிட்ட பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேன், இந்திய அறிஞருக்குத் தாம் கடன்பட்டிருப்பதை வெளிப்படையாகவே கூறினார். பிரான்சில் பயின்ற எகிப்தியக் கவிஞர் அஹ்மத் ஷவ்கீ (1868–1932) அந்த லா ஃபோந்தேனின் பாணியில் அரபியில் விலங்குக் கதைப்பாக்கள் இயற்றி, எகிப்துச் சிறுவர்களுக்குப் படித்துக் காட்டினார். அவர்கள் கேட்டுச் சிரித்ததைத் தாமே பதிவும் செய்திருக்கிறார். தமிழில் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த பஞ்சதந்திரக் கதை 1826இல் அச்சேறியது. இவ்வாறு உலகைச் சுற்றிவந்த கதையை அந்நியம் என்று எந்தச் சமுதாயம் தள்ள முடியும்?

இப்பயணத்தில் அரபு நூலாசிரியர் செய்த ஒரு மாற்றமே நம் கவனத்துக்கு உரியது. முதற்கதையை யாவரும் அறிவர். சிங்கமும் எருதும் நண்பர்கள். அந்த நட்பைப் பொறாத நரி இருவரிடமும் கோள் மூட்டுகிறது. சிங்கம் எருதைக் கொன்றுவிடுகிறது. பஞ்சதந்திரத்தில் கதை அங்கே முடிகிறது. கோள் சொன்ன நரி அமைச்சனாகவே நிலைக்கிறது. அரசியல் தந்திரம் கற்பிக்கும் நூலுக்கு அந்த முடிவு பொருந்தலாம்.

இப்னுல் முகஃப்பஃ அங்கே நிறுத்தவில்லை. திம்னாவை விசாரிக்கும் அத்தியாயம் ஒன்றை அவரே சேர்த்தார் என்பது ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. சிங்கத்தின் தாய் மகனின் மனச்சான்றைத் தட்டி எழுப்புகிறாள். திம்னா மன்றத்தில் நிறுத்தப்படுகிறான். சொல்வன்மையால் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் அவன் தட்டிவிடுகிறான். அவன் குற்றவாளி என்று அனைவரும் அறிந்திருந்தும் சான்றில்லாமல் எவராலும் தண்டிக்க இயலவில்லை. முடிவில், இரவில் அவன் பேச்சைக் கேட்டிருந்த சிறுத்தை சாட்சி சொல்கிறது. சிறையில் கிடந்த விலங்கொன்றும் சாட்சி சொல்ல முன்வருகிறது. ஏன் முன்னரே சொல்லவில்லை என்று கேட்டபோது, ஒருவரின் சாட்சி மட்டும் தீர்ப்புக்குப் போதாது என்பதை அறிந்திருந்தோம் என்பதே விடை. இரு சாட்சிகள் கூடிய பின்னரே திம்னாவுக்குத் தண்டனை.

குழந்தைக் கதை ஒன்றில் இதனினும் உயர்ந்த பாடத்தை நாம் கண்டதில்லை. கெட்டவன் தண்டிக்கப்பட வேண்டும் என்பதை எல்லாக் கதைகளும் சொல்லும். கெட்டவனையும் விசாரித்தே தண்டிக்க வேண்டும் என்பதை இக்கதை சொல்கிறது. இதை எழுதியவர் விசாரணை ஏதுமின்றி, பஸ்ரா ஆளுநரின் கையால் கொடிய முறையில் கொல்லப்பட்டார் என்பதை அறிந்து படிப்பவர்க்கு அந்த அத்தியாயம் மேலும் கனக்கும்.

இனி நம் குறையைச் சொல்வோம். சிறுவர்களுக்கென்று சுருக்கப்பட்ட பதிப்புகளுள் நாம் கண்ட பலவற்றில் இந்த விசாரணை இல்லை. நீளம் கருதி வெட்டிவிடுகின்றனர். எருது செத்ததும் கதை முடிந்து, "கோள் சொல்வோரை நம்பாதே" என்று அடியில் ஒரு நீதி ஒட்டப்படுகிறது. அந்த நீதி ஏமாறுபவனுக்கு உரியது. ஏமாற்றியவனுக்கு அங்கே ஒரு சொல்லும் இல்லை. தந்திரத்தை முழுவதும் கற்பித்து, நியாயத்தை இடம் போதவில்லை என்று விட்டுவிடும் புத்தகத்தைக் குழந்தையின் கையில் கொடுப்பது எப்படி?

ஜின்னின் மன்றம்

இரண்டாவது நூல் விந்தையும் விலங்கும் ஒருங்கே அமைந்தது. ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டில், அதாவது கி.பி. 10ஆம் நூற்றாண்டில், பஸ்ராவில் 'இக்வானுஸ் ஸஃபா' என்னும் அறிஞர் குழுவினர் எழுதிய நிருபங்களுள் 22ஆவது அது. அக்குழுவினரின் கொள்கைகள் சில ஆலிம்களால் ஏற்கப்படாதவை, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் இந்த ஒரு நிருபத்தின் கதையழகை எவரும் மறுக்க இயலாது.

புயலில் திசைமாறிய கப்பலொன்று ஒரு தீவில் ஒதுங்குகிறது. அங்கே விலங்குகள் அச்சமின்றி வாழ்கின்றன. வந்த மனிதர் அவற்றைப் பிடித்துப் பூட்டி, சுமை ஏற்றத் தொடங்குகின்றனர். விலங்குகள் தீவின் ஜின் அரசரிடம் வழக்குத் தொடுக்கின்றன. கால்நடைகளுக்காகக் கோவேறு கழுதை வாதாடுகிறது. தேனீயும் தவளையும் தத்தம் இனத்தின் தூதுவராக வருகின்றன. ஊனுண்ணும் விலங்குகளின் தூதனாக வருபவன் யார் தெரியுமா? திம்னாவின் சகோதரன் கலீலா! ஒரு நூலின் நல்ல நரியை மற்றொரு நூல் அன்போடு அழைத்துக்கொண்ட அந்த இடம் நாம் மிகவும் சுவைத்தது.

மனிதர் தம் அழகையும் உடையையும் உணவையும் கல்வியையும் சொல்லி, "நாங்களே எசமானர்கள்" என்கின்றனர். உங்கள் உடை ஆட்டின் உரோமமும் புழுவின் நூலும் அல்லவா, உங்கள் தேன் எங்கள் உழைப்பல்லவா என்று விலங்குகள் ஒவ்வொன்றாக மறுக்கின்றன. இறுதியில் வழக்கு மனிதர் பக்கமே சாய்கிறது. ஆனால் வலிமையாலோ அறிவாலோ அன்று. மறுமையில் எழுப்பப்பட்டுக் கணக்குக் கேட்கப்படுபவன் மனிதனே என்னும் வாதமே வெல்கிறது. அத்தனை வாதங்களுக்குப் பின் முடிவு சற்று விரைந்து வந்துவிடுகிறது என்பதே நம் விமரிசனம், படிக்கும் பிள்ளைகளும், "அப்படியானால் கோவேறு கழுதைக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். வென்றவனுக்குக் கிடைத்த பரிசு கேள்வி கணக்கு என்பதை அக்கேள்வி வழியாகவே விளக்கலாம்.

இந்நிருபம் 1316இல் ஹீப்ருவுக்கும், 1810இல் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காக மௌலவி இக்ராம் அலீயால் உருதுவுக்கும் பெயர்க்கப்பட்டது. 1994இல் டெனிஸ் ஜான்சன் டேவிஸ் இதனை 'விலங்குகளின் தீவு' என்று ஆங்கிலத்தில் மறுகதையாக்கினார்.

இதில் ஜின் நீதிபதியாக வீற்றிருப்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ்ச் சிறுவர் கதைகளில் ஜின்னுக்கு என்ன நேர்ந்தது? அலாவுதீனின் விளக்கிலிருந்து வந்த ஜின், தமிழில் 'பூதம்' ஆயிற்று. பூதம் என்றால் பெருவயிறும் கோரப்பல்லும். தேய்த்தவன் எவனாயினும் அவனுக்கு ஏவல் செய்வது அதன் தொழில். ஜின் இனத்திலும் நல்லோரும் தீயோரும் உண்டு, அவர்களும் இறைவனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களே என்று வீட்டில் கற்பித்துவிட்டு, புத்தகத்தில் பூதத்தைக் காட்டினால் குழந்தை எதை நம்பும்? இத்தனைக்கும் அலாவுதீன் கதைக்குப் பழைய அரபு மூலமே கிடைத்ததில்லை. அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் 1709இல் பாரிசில் சொல்லக் கேட்டு, பிரெஞ்சு அறிஞர் கலான் எழுதிச் சேர்த்தது அது. நம்முடையது என்று நாம் எண்ணும் கதை வெளியிலிருந்து வந்தது. உண்மையில் நம்முடையதான ஜின்னின் மன்றமோ, தமிழ்ப் பிள்ளைகள் அறியாத இடத்தில் கிடக்கிறது.

பிறர் எழுதியவை

ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் நார்னியாக் கதைகளைக் கொண்டுவருகின்றனர். சி. எஸ். லூயிஸ் எழுதி 1950 முதல் 1956 வரை வெளிவந்த ஏழு நூல்கள் அவை. அவற்றின் சிங்கத்துக்கு அஸ்லான் என்று பெயர். துருக்கியில் சிங்கம் என்றே பொருள். ஆயிரத்தோர் இரவுகளின் ஆங்கில மொழிபெயர்ப்புக் குறிப்பில் அப்பெயரைக் கண்டதாக லூயிஸே எழுதியிருக்கிறார். அச்சிங்கம் அவருடைய கிறிஸ்தவ நம்பிக்கையின் உருவகம் என்பது பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

1954இல் வந்த 'குதிரையும் அதன் சிறுவனும்' என்னும் நூலில் பேசும் போர்க்குதிரை ஒன்று வருகிறது. தன் வீரத்தைப்பற்றி ஓயாது பெருமை பேசிய அது, சிங்கம் துரத்தும்போது தன்னுயிர் காக்க ஓடுகிறது. அதன்மீது வந்த சிறுவனோ கீழே குதித்துத் திரும்பிச் செல்கிறான். குதிரை நாணும் அந்த இடம் செருக்கைப்பற்றிய அருமையான பாடம். அதே நூலில், தலைப்பாகையும் வளைவாளும் அணிந்த கருநிற மக்கள் கொடியோராகவும் அடிமை வணிகராகவும் வருணிக்கப்படுகின்றனர். நம் பிள்ளை தன் பாட்டனாரின் தலைப்பாகையை அந்தப் படத்தில் காணுமே! இந்நூலை எரிக்கவும் வேண்டாம். மூடிக்கொண்டு புகழவும் வேண்டாம். குழந்தையோடு அமர்ந்து படித்து, குதிரை நாணியது நியாயம், ஒரு மக்களினத்தையே இழித்தது அநியாயம் என்று இரண்டையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தை நூல்களிடத்தும் கற்பிக்கலாம் அன்றோ?

செய்ய வேண்டியது

அரபு உலகம் இவ்வேலையை முன்பே தொடங்கிவிட்டது. கெய்ரோவில் காமில் கீலானீ (1897–1959) என்னும் எழுத்தாளர் 1927இல் சிந்துபாத் கதையைச் சிறுவர்களுக்கென எழுதினார். அன்றுமுதல் தம் வாழ்நாளைக் குழந்தை நூல்களுக்கே தந்தார். எளிய, பிழையற்ற அரபியில், எழுத்துகளுக்கெல்லாம் ஹரகத்து இட்டு எழுதியதால் பிள்ளைகள் தடுமாறாமல் படித்தனர். தீவில் தனித்து வளரும் குழந்தைக்கு மான் பாலூட்டும் 'ஹய் இப்னு யக்ழான்' கதையையும் அவர் சிறுவர்க்கு ஆக்கித் தந்தார். 12ஆம் நூற்றாண்டில் அன்தலூசியாவின் இப்னு துஃபைல் எழுதிய மெய்யியல் நூல் அது. வளர்த்த மான் இறந்தபோது, அதன் உடலைவிட்டு நீங்கியது எது என்று அச்சிறுவன் தேடத் தொடங்குகிறான். அத்தேடல் அவனைப் படைத்தவனிடம் கொண்டு சேர்க்கிறது. விலங்கின் மீது கொண்ட அன்பே அறிவின் முதற்படியாக அமையும் இக்கதையை நம் பிள்ளைகள் தமிழில் படிக்க வேண்டாமா?

தமிழில் நமக்கும் முதல் இருக்கிறது. கட்டுண்ட மான் தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடைகேட்டதையும், நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணை நின்றதையும், மான் சொன்ன சொல் தவறாமல் திரும்பி வந்ததையும் உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் தனிப்படலமாகவே பாடியிருக்கிறார். பெத்தும்மாக்கள் அதைச் சொல்லி உறங்கவைத்த வீடுகள் இருந்தன. வேடன், மான், பிணை, வாக்கு என்று ஒரு வழக்கு மன்றமே அதில் அடங்கியிருக்கிறது. நம் எழுத்தாளர்கள் இச்செல்வங்களை முடிவை வெட்டாமல், நீதியை வால்போல ஒட்டாமல், பிள்ளைகளின் தமிழில் எழுதித் தர வேண்டும். பெற்றோர் அவற்றை வாங்கி, தாமும் படிக்க வேண்டும்.

அந்தச் சிறுவனின் புத்தகத்தை அன்றிரவே நாம் படித்தோம். நரி காகத்தை ஏமாற்றி வடையைத் தின்றது, கதை முடிந்தது, ஏமாறாதே என்றது நீதி. அப்புத்தகத்தின் குறை காகம் பேசியதன்று, நரியை எவரும் கேள்வி கேட்காததே என்பது அப்போதுதான் புலப்பட்டது. மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தோம். நாம் படித்துத் தெரிந்துகொண்டதை அவனிடம் சொல்லவில்லை. ஆசிரியர் என்னும் பெருமை தடுத்தது. அவன் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான். அந்த ஆண்டு முழுவதும் அவன் நம்மிடம் வேறொரு கேள்வியும் கேட்கவில்லை.

இன்று அவனும் பிள்ளைகளைப் பெற்ற தந்தையாக இருப்பான். இவ்விதழ் அவன் கைக்குக் கிட்டுமானால், இதுவே நம் விடை என்று கொள்வானாக. அவன் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு அவன் நம்மைப்போல் வாய்மூடி நில்லாதிருக்க, வல்ல நாயன் அருள்வானாக. ஆமீன்.